குப்பையைத்தான் தூக்கும்

கதவு திறந்ததும் முதலில் காதில் விழுந்தது லேப்டாப் விசிறியின் இரைச்சல்தான். மாவு மில்லுக்குள் நுழைந்தது போல இருந்தது. சர்வர் பாதியில் சிக்கிக்கொண்டால் விசிறி அப்படித்தான் கத்தும், மேடம். உள்ளே ஏதோ ஓயாமல் ஓடுகிறது, ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

"வாடா ஃபயர் சர்வீஸ்," என்றார் அண்ணன். "ஞாயித்துக்கிழமைகூட உன்னை நிம்மதியா விடல. காலையிலேர்ந்து 'ஸ்டார்ட் ஆகுது, ஸ்டார்ட் ஆகுது'ன்னே காட்டுது. ஆகித் தொலைய மாட்டேங்குது."

ஃபயர் சர்வீஸ் என்பது ஆபீஸில் எனக்கு வைத்த பெயர். யாருடைய மெஷின் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் டீமுக்குத் தலைவர். சார் என்றால் கோபித்துக்கொள்வார், அதனால் அண்ணன். அவர் மனைவி எனக்கு அண்ணி.

அண்ணியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் மனிதவளத் துறைக்கு வரும் முன்பே அவர் வேலையை விட்டுவிட்டார். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆப் நாங்கள் செய்கிறோம் அல்லவா, அதன் முதல் குரல் அவருடையதுதான். அவர் நரியாகப் பேசினால் நரி, ஆமையாகப் பேசினால் ஆமை. பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமா, குரல் வேண்டுமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். இப்போது அவர் போனில் டைப் செய்வார், அதிலிருக்கும் இயந்திரக் குரல் வாசிக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால், படுக்கையறையில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, தன் மகளுக்காகக் கதை கதையாகப் பதிவு செய்து வைத்தார். ஒவ்வொன்றும் "என் எலிக்குஞ்சே, கேளு" என்றுதான் தொடங்கும். அண்ணன் அவற்றை எங்கள் ஆப்பிலேயே தனியாக ஒரு வடிவம் செய்து பொருத்தினார். அது கடைக்கு வரும் ஆப் இல்லை. அவர் லேப்டாப்பில் சர்வர் ஓடினால்தான் மகளின் டேப்லெட்டில் கதை ஓடும். டேப்லெட்டில் எதுவும் தங்காது. லேப்டாப் வாய் திறந்தால் அதுவும் திறக்கும், அவ்வளவுதான்.

அன்று பாப்பா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் காத்திருந்தாள். ஞாயிறுதோறும் மதியத் தூக்கத்துக்கு முன் ஒரு கதை என்பது வீட்டுச் சட்டம்.

"மாமா, இன்னும் சுத்துது."

"சுத்தட்டும்டா. மாமா வந்துட்டேன்ல," என்றேன்.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சர்க்கரை குறைவு என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

முறைப்படிதான் ஆரம்பித்தேன். வேறு ஏதாவது புரோகிராம் சர்வரின் போர்ட்டை, அதாவது அது பேசும் வாசலை, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. பழைய தற்காலிகச் சேமிப்பைத் துடைத்தோம், வைஃபையை அணைத்துப் போட்டோம், மெஷினையே அணைத்துப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் திரைக்கு முன்னால் கைகூப்பிக் கும்பிட்டார். "உன் காலில் விழவா, ஸ்டார்ட் ஆகித் தொலையேன்," என்றார். பாப்பா சிரித்தாள். அண்ணியும் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது.

எடுத்தவுடனே மருந்தைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். நோய் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இந்தச் சர்வர் எழும்போது முதல் வேலையாகத் தன் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை எல்லாம் சுற்றிப் பார்க்கும். வெள்ளிக்கிழமை, அண்ணன் மீட்டிங்கில் இருந்தபோது, உள்ளுக்குள் ஓர் ஆழமான இடத்தில் ஒரு குறுக்குவழி போட்டு வைத்தேன். அது போனது போலப் போய் முதல் ஃபோல்டருக்கே கொண்டுவந்து விடும். சர்வர் செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். பாஸ்வேர்டு அவரே சொல்லியிருந்தார். என்னை அவ்வளவு நம்பினார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

என் அம்மா தனியாக இருந்தார். என்னோடு பேச அவருக்கு ஏதாவது சாக்கு வேண்டும். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்பார், பூனை குட்டி போட்டது என்பார். ஒரு முக்கியமான டெமோ நாள். கூட்ட அறையில் எல்லார் போனும் மேஜை நடுவில் ஒரு தட்டில் இருக்க வேண்டும், அது அண்ணன் போட்ட சட்டம். அண்ணி கதை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. திரையில் அம்மா. அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி ஒரு நிமிஷம் கதையை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார். டெமோ நன்றாக முடிந்தது, கைதட்டினார்கள். நான் திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டாராம்.

அண்ணனின் அந்தப் பார்வை என் அம்மாவின் கடைசிக் குரலை எடுத்துக்கொண்டது. நான் சத்தம் போடவில்லை. பதினாறாம் நாளே வேலைக்கு வந்தேன். குரலுக்குக் குரல் என்பது நியாயமான கணக்கு என்று எனக்குப் பட்டது. காத்திருந்தேன், அவ்வளவுதான். அண்ணியின் தொண்டையில் கட்டி வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

"இனி ஒண்ணே ஒண்ணுதாண்ணே," என்றேன். "மொத்தமா க்ளீன் பண்ணிட்டு, வேண்டியதை மறுபடி இறக்கிடலாம்."

அதற்கு ஒரு கட்டளை உண்டு. ஆபீஸ் கணக்கில் பதிவாகாத ஃபைல் எதுவானாலும் அந்த ஃபோல்டரிலிருந்து துடைத்துவிடும். அண்ணியின் பதிவுகள் அந்தக் கணக்கில் இல்லை. "ஆபீஸ் சர்வர்ல வீட்டுச் சாமானை வைக்கக் கூடாதுடா" என்று அண்ணன் தானே விலக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் தலைவராகிக் கை துருப்பிடித்துப் போயிருந்தது. அந்தக் கட்டளையின் முழு வேகம் அவருக்கு மறந்திருந்தது.

"இது ஒண்ணையும் தூக்கிடாதே?"

"குப்பையைத்தான் தூக்கும்ணே."

நான் தட்டவில்லை மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தட்டினார்.

நான் போட்ட குறுக்குவழியும் அந்தக் குப்பையோடு போயிற்று. அதனால் வேண்டியவற்றை இறக்கி முடித்ததும் சர்வர் சமர்த்தாக எழுந்தது. விசிறி அடங்கியது. பச்சை எழுத்தில் 'தயார்' என்று வந்தது. அண்ணன் என் முதுகில் ஓர் அறை விட்டார். "நீ மனுஷனே இல்லடா!" என்றார், சந்தோஷத்தில்.

பாப்பா நரிக் கதையைத் தொட்டாள். படம் வந்தது. பக்கம் புரண்டது.

"அப்பா, அம்மா பேச மாட்டேங்குது."

அண்ணன் ஃபோல்டரைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அண்ணி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சரியாக இருந்தது.

"பதறாத, பதறாத," என்றார் அண்ணன், அண்ணியிடம். "டிஸ்க்ல ஒரு காப்பி இருக்கு. டேய், போன வாரம் உன்கிட்ட ஒரு டிஸ்க் குடுத்தேன்ல?"

"ஆமாண்ணே. டெஸ்ட்டுக்கு வேணும்னு வாங்கினேன்."

"அதுல இருக்கும்ல?"

"அன்னைக்கே அழிச்சிட்டேண்ணே."

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். தம்ளரைக் கழுவி வைத்தேன்.

அழிந்ததை மீட்டெடுக்கும் ஆட்களிடம் லேப்டாப்பையும் டிஸ்க்கையும் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். உதட்டைப் பிதுக்கிவிட்டார்களாம். நான் வெள்ளிக்கிழமை தட்டியது அந்த மெஷினின் நினைவில் அப்படியே கிடந்தது, அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். அழிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். ஃபயர் சர்வீஸ் அதையெல்லாம் மறக்காது. யார் தீர்த்தது என்று தெரியாத பழி, பாதிப் பழிதான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். பாப்பாவை நினைத்தால் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தொடங்கியது நான் இல்லை.

இன்னொன்று. இப்போது உங்கள் அறைக்கு வரும் வழியில், வரவேற்பறையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, போனில் வெகுநேரம் டைப் செய்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். துக்கத்தில் மனிதர்களுக்கு ஞாபகம் பிசகுவது இயல்பு. அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத அந்த இயந்திரக் குரல் சொன்னது இதுதான்:

"டெமோ அன்னைக்கு நான் கதையை நிறுத்திட்டு, தட்டுலேர்ந்து போனை எடுத்து உங்க கையில குடுத்து, 'பேசுங்க தம்பி, நாங்க காத்திருக்கோம்'னு சொன்னேன், 'எங்கம்மாவுக்கு வேற வேலையில்ல'ன்னு சிரிச்சிக்கிட்டே கட் பண்ணது நீங்க."