வேண்டாம் என்ற வேர்கள்

காடு வளர்க்க இடம் கொடுத்த கருணை மனத்தினராய், இவ்விழாவின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் ஜெயவேலு அண்ணா அவர்களே, முகம் மலர முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அன்போடு வந்திருக்கும் தாய்மார்களே, இரும்புலியூர் வாழ் நண்பர்களே! தாவரவியல் நடத்தி ஒருகாலத்தில் உங்களில் பலரைத் தூங்க வைத்த சந்திரிகா டீச்சரின் வணக்கம்.

நம் காலனிக் குறுங்காட்டுக்கு இன்று பிறந்தநாள். வேம்பு வளர்ந்திருக்கிறது, நாவல் நிமிர்ந்திருக்கிறது, புங்கன் பொலிந்திருக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு புங்கங்கன்றை இடம் மாற்றி நடப் பெயர்த்தபோது வேரைப் பார்த்தேன். அதில் இருக்கவேண்டிய முடிச்சுகளைக் காணவில்லை.

முடிச்சு என்றால் என்ன? காற்றிலே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கொட்டிக் கிடக்கிறது. மரத்தால் அதைத் தொட முடியாது. பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கின்றன. புங்கன் அவற்றை அழைக்கிறது, வேரில் வீடு கட்டித் தருகிறது, வெயிலில் நின்று சமைத்த சர்க்கரையை ஊட்டுகிறது. சும்மாவா? அந்தச் சர்க்கரையில் ஒரு கிளை வளர்ந்திருக்கும், ஒரு கொத்துப் பூ பூத்திருக்கும். அத்தனையையும் விட்டுக்கொடுத்துத்தான் அந்த உறவை வைத்துக்கொள்கிறது. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாய்க் கிடைத்தால்? இந்தச் செலவு எதற்கு என்று ஊட்டுவதைக் குறைத்துவிடும். முடிச்சும் வாடிவிடும்.

நம் காட்டில் அது தாராளமானது எப்படி? நம் தலைவர் அள்ளி அள்ளிப் போட்ட யூரியாவால். என்ன அண்ணா? "இன்னா டீச்சர், கன்னுங்க நோஞ்சானா கீதேன்னுதான் போட்டேன், அது தப்பா?" என்கிறார். தப்பே இல்லை, நெல் வயலுக்குப் போட்டுப் பழகிய கை. இனிமேல் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த வெறும் வேரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை. ஏன் தெரியுமா? என் மகள் விஷ்ணுப்ரியா மெல்போர்னில் இருக்கிறாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் போனில் கேட்டாள்: "அப்பா, டிசம்பர்ல வரட்டுமா?" அதோ அமர்ந்திருக்கிறாரே, என் கணவர் சாம்பசிவன், அவர் சொன்னார்: "எதுக்கும்மா வீண் செலவு? இங்க எல்லாமே இருக்கு. லீவை வேஸ்ட் பண்ணாதே." நானும் பக்கத்திலிருந்து, "ஆமாம்மா, நாங்க ஜாம்ஜாம்னு இருக்கோம்" என்றேன். "சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள். சிரிக்கிறீர்களே, உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்வதும் இதுதானே?

பொழிச்சலூர் மேலே விமானம் தாழ்ந்து இறங்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேனே, எனக்கா குறையில்லை? யாரும் படுக்காத மாடியறைக் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறேனே, எனக்கா குறையில்லை? மண்ணில் குறையே இல்லை என்றால் வேர் உறவைக் கைவிடுகிறது. வீட்டில் குறையே இல்லை என்றால், நான் எதற்கு என்று பிள்ளை நினைக்காதா? வா என்று கேட்பதற்கும் ஒரு செலவு உண்டு தாய்மார்களே. நம் கௌரவம் கொஞ்சம் கரையும். கரையட்டுமே.

செயலாளர் ஹரிபிரசாத் இந்த விழாவை நேரலையில் அனுப்புகிறார். என் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி, கேமராவை என் பக்கம் திருப்புங்கள்.

விஷ்ணு, இங்கே எல்லாமே இருக்கிறது என்றது பொய். நீ இல்லை. உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. டிக்கெட் போடும்மா. உன் அப்பா இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவரும் அதைத்தான் சொல்கிறார்.

பொறுமையோடு காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். வணக்கம்.