முப்பத்தொரு டிகிரி

மாலை ஆறே முக்கால். மலைப் பாதையின் ஏழாவது வளைவு... முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. மழை விட்டு, தார் ரோட்டிலிருந்து ஈர வாடை எழும்புகிறது. சைக்கிளில் ஒருத்தன் தனியாக இறங்கி வருகிறான்.

நெருங்கி உட்காருங்கள். எவனாவது சிரித்தால் இத்தோடு நிறுத்திவிடுவேன். என் சினேகிதனுடைய பெரியப்பா மகனுக்கு நடந்தது இது. ரேடியோ மெக்கானிக். கைவேலையில் கெட்டிக்காரன், மனுஷனாக ஒன்றுக்கும் உதவாதவன்.

போகும் வழியைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கைப்பிடியில் மாட்டியிருந்தான். வெயில் பட்டால் அது வெப்பத்தைத் தப்பாகக் காட்டுகிறதென்று, தனியாக ஒரு சென்சார் செய்தான். தீப்பெட்டி அளவு டப்பா, உள்ளே பட்டன் செல், சூட்டைப் பார்க்க அரிசி அளவில் ஒரு முனை. ஒயர் கிடையாது. டப்பா பத்தடிக்குள் இருந்தால் கருவியில் டிகிரி தெரியும், தாண்டினால் வெறும் கோடுதான். இரண்டு செய்தான். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் கொடுக்க வேண்டும். சோம்பேறி, ஒரே நம்பரை இரண்டிலும் ஏற்றிவிட்டான். எது பக்கத்தில் வந்தாலும் கருவி தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றை, மலையேறும் பைத்தியம் பிடித்த மச்சினனிடம் கொடுத்தான்.

அது உறவு நன்றாயிருந்த காலம். பிறகு பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்க ஆரம்பித்தான். மச்சினன் வாசலில் நின்று சொன்னான்: "மாமா, மலைக்குப் போயிட்டு வந்ததும் அக்காவக் கூட்டிட்டுப் போயிடுவேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க."

போனவன் திரும்பவில்லை.

கொட்டும் மழையில் ஊரே தேடியது. ஏழாவது வளைவு இவன் பங்குக்கு வந்தது. இவனுடைய டப்பா வீட்டு மேசையில். காற்றில் பன்னிரண்டு டிகிரிக் குளிர். ஆனால் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்த கருவியில்... முப்பத்தொன்று. உயிருள்ள கைக்குள் இருந்தால் மட்டும் வருகிற சூடு. கீழே புதருக்குள் கல்லால் கல்லைத் தட்டும் சத்தம். டக்... டக்...

பாவி, கருவியை அணைத்தான்.

"இந்தப் பக்கம் யாரும் இல்ல" என்று கத்திவிட்டு நடந்தான். மூன்றாம் நாள் அங்கேயேதான், நனைந்த கம்பளிச் சட்டையோடு, உடல் கிடைத்தது. டப்பா கிடைக்கவில்லை.

பெண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க கருவி காட்டலையா?"

"காட்டல."

அன்றிரவே தன் டப்பாவைச் சுத்தியலால் நொறுக்கினான்.

ஒரு வருஷம் ஓடியது. மேலே ஒரு விடுதியில் ஆன்டெனா வேலை. முடித்துவிட்டு இறங்குகிறான். கருவியில் வெறும் கோடு. ஏழாவது வளைவு...

முப்பத்தொன்று.

மிதித்தான். ஆறாவது வளைவு... முப்பத்தொன்று. பத்தடிக்கு மேல் எட்டாத டப்பா. அணைத்துப் பார்த்தான், அணையவில்லை. பிடரிக்குப் பின்னால் நனைந்த கம்பளி வாடை. டக்... டக்... திரும்பிப் பார்க்கிற தைரியம் அவனுக்கு ஏது?

பெண்டாட்டி கதவைத் திறந்தாள். நொறுங்கிய டப்பாவைக் கூட்டி அள்ளியவளே அவள்தான். கைப்பிடியில் எரிந்த எண்ணைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதத்தான காட்டுச்சு?"

அவன் கருவியை உள்ளங்கையால் மூடினான். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் முப்பது. அதற்கு மறுநாள் இருபத்தொன்பது. வீட்டைப் புரட்டிப் போட்டான், சட்டைத் தையலையெல்லாம் பிரித்தான். டப்பா இல்லை. தினமும் ஒரு டிகிரி இறங்குகிறது.

ஐந்து நாளைக்கு முன்னால் என் சினேகிதன் அவனைப் பார்க்கப் போனான். விடியற்காலைக் குளிர், பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது. கருவியில் பதினேழு. அவன் கையைத் தொட்டுப் பார்த்தான், கையும் அதே குளிரில் இருந்தது. அவன் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தான். அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

கணக்குப்படி இன்றைக்குப் பன்னிரண்டு, தேடப் போன அன்றைக்குக் காற்றில் இருந்த அதே குளிர். சாயங்காலம் இங்கே வரும் வழியில் பார்த்தேன்... அவனுடைய ரேடியோ கடை திறந்திருந்தது. விளக்குப் போடாமல் உள்ளே உட்கார்ந்து, கல்லால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.