பறிமுதலான இளவரசன்

ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு வாத்தியார்கள். தலைப்பாகைக்காரர் ஹெட்மாஸ்டர், பக்கத்தில் இருந்தவர் டிராயிங் மாஸ்டர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. பஸ் காவேரிப் பாலம் ஏறும்போது ஹெட்மாஸ்டர் ஆரம்பித்தார்.

"மானமே போயிடுத்து ஓய்! சரித்திர நாவல் எழுதறவர், நம்ம ஸ்கூலை மதிச்சுப் பேச வந்தார். கடைசியிலே பசங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி. 'போன வாரத் தொடர்கதையிலே இளவரசன் எங்கே ஒளிஞ்சான்?' ஒருத்தனாவது வாயைத் திறந்தானா?"

"எப்படிங்க திறப்பான்? கதைப் பத்திரிகை ஸ்கூலுக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க. வெள்ளிக்கிழமை தவறாம பையைச் சோதிச்சுப் பிடுங்கி, உங்க ரூம்ல கொண்டுவந்து வைக்கிறோம்."

"படிக்கிற வயசிலே கதை என்ன வேண்டிக் கிடக்கு?"

"அதுவும் சரிதாங்க. ஆனா மேடையில இருந்த வாத்தியாருங்க அத்தனை பேரும் ஒரே குரல்ல 'குதிரை லாயத்துல'ன்னு சொல்லிட்டோமே. முதல் குரல் உங்களுதுங்க."

ஹெட்மாஸ்டர் ஆற்றைப் பார்த்தார். கோடைக் காவேரியில் பார்க்க மணலைத் தவிர ஒன்றுமில்லை. பாலம் முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே. எத்தனை பத்திரிகை பிடிபட்டுது?"

"ஒண்ணுகூட இல்லைங்க. உங்க கண்டிப்புக்குப் பயந்து பசங்க வாங்கறதையே நிறுத்திட்டாங்க."

"அயோக்கியப் பசங்க! சேனாபதி லாயத்துக்குத் தீ வெச்சுட்டானே ஓய்! இளவரசன் தப்பிச்சானா இல்லையான்னு நான் யாரைப் போய்க் கேட்பேன்?"