ஹொட்டும் பொட்டும்: திம்மராயன் வீட்டுக் குளிரறைத் திறப்பு விழாவில் கோவிந்தப்பன் ஆற்றிய வாழ்த்துரை

கண்டிப்பும் கனிவும் ஒருசேரக் குடிகொண்ட அவைத்தலைவர், பஞ்சாயத்துப் பெரியவர் நாராயணப்பன் அவர்களே! காடு திருத்திக் கழனியாக்கி, கழனி சூழத் தோப்பு வளர்த்த வேப்பனப்பள்ளியின் மூத்தோர்களே! பந்தலின் இடப்பக்கம் பொலிவோடு அமர்ந்து, இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்ட தாய்மார்களே! மைசூர் ராஜ்யத்து எல்லை தாண்டி வண்டி கட்டி வந்திருக்கும் விருந்தினர்களே! மாலையும் கழுத்துமாய் என்னருகே வீற்றிருக்கும் விழா நாயகர், ஒரே ஒரு கள்ளிவேலிக்கு அப்பால் வாழும் என் அண்டைவீட்டுக்காரர் திம்மராயன் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வயிறு எரிகிறதே, ஐயா, வயிறு எரிகிறதே!

ஏன் எரியாது? கோழி கூட நிழல் தேடி ஓடும் கோடையில், இவர் வீட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்தால் மார்கழி வந்து முகத்தில் அடிக்கிறதே, எரியாதா? பதினைந்தடி நீளம், பத்தடி அகலம். குனிய வேண்டாம், நிமிர்ந்தே நடந்து போகலாம். ஊருக்குக் கரண்டு வந்த மறுவருடமே பெங்களூரில் ஏலத்தில் எடுத்த குளிர்மிஷின், அதை மாட்ட ஒரு மெக்கானிக்கு! நம் தோப்புகளெல்லாம் ஒரே வாரத்தில் முற்றுகின்றன, ஒரே வாரத்தில் சந்தைக்கு ஓடுகின்றன. வியாபாரி மூக்கைச் சுளிக்கிறான். இவர் மாங்காய் மட்டும் மூன்று வாரம் உள்ளே படுத்துறங்கி, பிறகு எழுந்து போகுமாம்! என் மாங்காய்க்கு மட்டும் வெயில், இவர் மாங்காய்க்கு மஞ்சமா? இது எந்த ஊர் நியாயம்?

கை தட்டாதீர்கள். என் கஷ்டம் இனிமேல்தான் வருகிறது.

இந்தப் பந்தலுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் நிற்கின்றனவே, பார்த்தீர்களா? என் வண்டிகள். நாற்பது கூடை மல்கோவா. பறித்து மூன்று நாளாகிறது. இன்னும் இரண்டு நாள் போனால் ஈக்களுக்குத்தான் விருந்து. அவற்றை வைக்கச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தைக் கேட்க வேண்டியது இவரிடம். முப்பது வருடமாக இவரிடம் ஒரு நெருப்புக்குச்சி கூடக் கேட்காத வாய் இது!

பின்வரிசையில் என்ன சத்தம், சென்னகிருஷ்ணா? "உங்க குளிரறை என்ன ஆச்சு"ன்னா கேட்கிறாய்? கேட்பாய் என்று தெரியும். சொல்லித் தொலைக்கிறேன்.

திம்மராயன் வாசலில் செங்கல் இறங்கிய அன்றே எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரை முந்த வேண்டும்! இவர் கதவு திறக்குமுன் என் கதவு திறக்க வேண்டும்! வேலியோரம் வண்டியை நிறுத்தினேன், அதன்மேல் ஏறினேன், எட்டிப் பார்த்தேன். இவர் ரெட்டைச் சுவர் வைத்தார், நானும் ரெட்டைச் சுவர் வைத்தேன். இவர் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டார், நானும் விட்டேன். அந்த இடைவெளியில் என்ன போடுவது? காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கன்னடத்து மெக்கானிக்கு சொன்னார்: "ஹொட்டு தும்பி, சென்னாகி தும்பி." ஹொட்டை நிரப்பு, நன்றாக நிரப்பு என்கிறார். அவ்வளவுதான், குதித்து ஓடிவந்துவிட்டேன்.

நம் எல்லையில் கன்னடம் புரியாதவன் உண்டா? ஹாலு என்றால் பால். ஹூவு என்றால் பூ. ஹுலி என்றால் புலி. அப்படியானால் ஹொட்டு என்றால்?

ஆமாம் தாயே, பொட்டு! நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள்! துவரம்பருப்பு உடைக்கையில் மிஞ்சும் துவரம்பொட்டு வாங்கினேன், மூட்டை மூட்டையாக வாங்கினேன், மாட்டுக்குக் கூட வைக்காமல் சுவருக்குள் கொட்டினேன். ஊரெல்லாம் நெற்றிக்குப் பொட்டு வைத்தது, நான் சுவருக்குப் பொட்டு வைத்தேன்!

இவரை முந்தியும் விட்டேன். மிஷின் கிடைக்காவிட்டால் என்ன, பெங்களூரிலிருந்து ஐஸ் பாளங்கள் வந்தன. அறைக்குள் அடுக்கினேன், நாற்பது கூடையையும் வைத்தேன், மீசையை முறுக்கினேன். அன்று ஒரு நாள் எனக்கு வயிறு எரியவில்லை, ஐயா. அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் சுவர் வியர்த்தது. வியர்வை குடித்துப் பொட்டு ஊறியது. பொட்டு ஊறினால் என்ன ஆகும்? மாடு வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்! ஒரு படி இரண்டு படியாகும். உப்பியது சுவர், புடைத்தது சுவர், பட்டென்று வெடித்தது சுவர்! வெடித்த வாசனைக்கு என் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வெளிச்சுவரை முட்டித் தள்ளிவிட்டு, என் குளிரறையை நின்று நிதானமாகத் தின்றது.

சிரியுங்கள், சிரியுங்கள். தலைவர் கூடத் துண்டால் வாயை மூடிக்கொள்கிறார்.

சத்தம் கேட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தவர் திம்மராயனின் மனைவி ரங்கம்மா. ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "ஏண்ணா, இது துவரம்பொட்டாச்சே! ஹொட்டுன்னதும் எந்த ஹொட்டுன்னு நான் கேட்டனே. நெல்லு ஹொட்டுன்னு மெக்கானிக்கு சொன்னாரே. நம்ம உமிதாங்ணா அது."

உமி! வெறும் உமி! அரிசி மில் வாசலில் மலையாய்க் குவிந்து கிடக்கும் உமி! பாதி வார்த்தையில் குதித்து ஓடியவனுக்குப் பொட்டு கிடைத்தது. பக்கத்தில் நின்று மீதியைக் கேட்டவருக்கு உமி கிடைத்தது. என் வீட்டுக்காரி செல்வம்மாள், அதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாளே, அவள் கேட்டாள்: "வேலிக்கு மேல ஏறத் தெரிஞ்ச மனுசனுக்கு, வாசல் வழியா போயிக் கேக்கத் தெரியலயா?"

சபையோர்களே! வேலிமேல் நின்று பார்த்தேன், என் விளைச்சல் வீதிக்கு வந்தது. பொறாமையில் கட்டினேன், அதைப் பசு தின்றது. இதற்கு மேலும் இந்த வாய் எதற்காக மூடிக்கிடக்க வேண்டும்? வீம்புக்காகவா? வீம்பை விற்க எந்தச் சந்தைக்குப் போவேன்? இன்று வாசலுக்கு வந்துவிட்டேன், ஊரறிய வந்துவிட்டேன். திம்மராயன் அவர்களே, என் நாற்பது கூடைக்கு உங்கள் அறையில் ஓரமாய் ஓர் இடம் கொடுங்கள்!

என்ன, அவர் தாய்மார்கள் பக்கம் பார்க்கிறாரே? ரங்கம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கம்மா, சபைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

"நீங்க பேச ஏறுனப்பவே எறக்கி உள்ள வெச்சாச்சுங்ணா. வண்டி வெறுசாதான் நிக்குது."

கேட்டீர்களா? கேட்குமுன்பே கொடுத்துவிட்டார்கள்! முப்பது வருட வீம்பை நான் மூச்சு முட்ட முழுங்கிக் கேட்டால், கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்களே! இவர் மிஷினைப் பார்த்து எரிந்தேன், சுவரைப் பார்த்து எரிந்தேன். இப்போது இவர்கள் மனசைப் பார்த்தல்லவா எரிகிறது! இதை எந்த வேலிமேல் ஏறிப் பார்த்து நான் கட்டுவேன்?

தலைவர் மணி அடிக்கிறார். முடித்துக்கொள்கிறேன். இடம் கொடுத்த இல்லத்தாருக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்த உங்களுக்கும், உண்மை சொல்ல வைத்த என் செவலைப் பசுவுக்கும் நன்றி. திம்மராயன் அவர்களே, உங்கள் அறை நீடு குளிரட்டும். என் கூடைகளோடு இந்த வயிற்றையும் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.