நெஞ்சில் ஒட்டாத பட்டை

– போனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்க அத்தை. மாமாவோட மூக்கு மட்டுந்தான் தெரியுது. நெஞ்சைக் காட்டுங்க.

– இந்தா, நல்லாப் பாரு யாகோதா. இன்னிக்குக் காலையிலயும் பட்டை போர்வையிலதான் கிடந்துச்சு. நெஞ்சுத் துடிப்பைப் பதியச் சொல்லிக் கொடுத்தீங்க, அது எங்க கட்டில் துடிப்பைப் பதிஞ்சிட்டிருக்கு. உங்க ஆஸ்பத்திரியில பசைக்குப் பஞ்சமா?

– பசையில குறை இல்லை அத்தை. மத்தவங்க அதோட குளிக்கிறாங்க, விழறதில்லை. மாமா, ஒட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க, சரிங்களா?

– நீ சொன்னபடிதான் கண்ணு. முடியைச் சிரைச்சேன். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னே, துடைச்சேன்.

– பட்டையோட பாக்கெட்டுல வச்சிருந்த ஈரத்துணியாலதானே?

– அந்தத் துணியா? இந்த ரதோய்கோ நெஞ்சுக்கு அது எந்த மூலைக்கு? வீட்டுல நம்ம கையால காய்ச்சின ரக்கியா இருக்கு. ப்ளம் பழச் சாராயம், மேலே தேன் கலந்தது. உள்ளங்கையில ஊத்தி நல்லாத் தேச்சேன்.

– தேனா? மாமா, தேன் மேலே ஒட்டினா பட்டை எப்படி நிக்கும்?

– சளிக்கு அதைத்தான் தேய்க்கிறோம், முதுகுவலிக்கும் அதேதான். கல்யாணத்துல நான் ட்ரம்பெட் ஊதறப்போ ஜனங்க என் நெத்தியில பண நோட்டை ஒட்டறாங்களே, அதுல என்ன பசை இருக்கு? வெறும் வேர்வையிலேயே விடிய விடிய நிக்குது. உன் பட்டைக்குத் தேன் ஊத்தியும் பத்தலை.

– அத்தை, சிரிக்காதீங்க, போன் ஆடுது.

– எப்படிச் சிரிக்காம இருக்கிறது? கட்டில்ல எறும்பு ஊர்றப்பவே எனக்குச் சந்தேகம். வெளிப்பூச்சு மட்டும்னு நினைக்காதே யாகோதா, உள்ளேயும் ஒரு கிளாஸ் போயிருக்கும்.

– ஸ்தமென்கா, நீ போனைப் பிடிக்க வந்தே, சாட்சி சொல்ல வரலை.

– சரி, முதல்லேர்ந்து வருவோம். சோப்புத் தண்ணியில தேனெல்லாம் போகக் கழுவுங்க. அப்புறம் அந்தத் துணி, அது மட்டும். தேய்ச்ச இடம் நல்லாக் காயணும். அத்தை, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன், சீக்கிரம் காயும்.

– ஜன்னலா? ஈர உடம்புல குறுக்குக்காத்து பட்டா கழுத்து பிடிச்சுக்கும், நுரையீரல்ல இறங்கும். இந்த வீட்டுல அதெல்லாம் கிடையாது. நான் விசிறி விடறேன்.

– அவ ஜன்னலைத் திறக்கவா? நீ வேற கண்ணு. நான் ட்ரம்பெட்டைத் தொட்டாப் போதும், வேகாத வெயில்லயும் ஓடிப்போய்ச் சாத்துவா. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கூத்து.

– சாத்தாம? ஊருக்கு வேணும்னா நீ பெரிய ஆளு மனுஷா. எனக்குக் காதுக்குள்ள பித்தளைப் பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கு.

– காஞ்சுதா மாமா? இடது பக்கம், காறை எலும்புக்குக் கீழே. பின்தாளை உரிச்சு, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்துங்க. கையை எடுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம். இப்போ பட்டனை ஒரு தட்டு.

– பச்சை விளக்கு வந்துடுச்சு யாகோதா. மின்மினி மாதிரி மின்னுது.

– இங்கே என் திரையிலயும் கோடு வந்துடுச்சு. அழகா ஓடுது. இப்போ ஒண்ணு கேக்கறேன் மாமா, மறைக்காம சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீங்க?

– எங்கே இருப்பேன்? வீட்டுலதான். உக்காந்திருந்தேன்.

– பதிவும் அதைத்தான் சொல்லுது. ஆளு அசையாம உக்காந்திருந்தாருன்னு. ஆனா ஆத்துக்கு அந்தப்பக்கம் என் சித்தி பொண்ணு கல்யாணத்துல ட்ரம்பெட் ஊதினது யாரு? உங்க முன்னாடிதானே நான் செருப்பு அறுந்து போற அளவுக்கு ஆடினேன்.

– மனுஷா, மாட்டிக்கிட்டே. சொல்லிடு.

– நீயே சொல்லு.

– பட்டை என் மேலே இருந்துச்சு யாகோதா. பதிவு நடுவுல நிக்கவே கூடாதுன்னு நீதானே சொன்னே? இவன் ஊதப் போகணும்னான், அதான் கழட்டி என் நெஞ்சுல ஒட்டிக்கிட்டேன்.

– அத்தை! ஈஸ்டர் அன்னிக்கு சர்ச் வாசல்ல ஊதிட்டே கண்ணு இருட்டி விழுந்தது இவரு. உங்க நெஞ்சைப் பார்த்து டாக்டரம்மா என்ன முடிவு பண்றது?

– அவளைத் திட்டாதே கண்ணு. கேட்டது நான்தான். ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு துன்யாவுக்குக் கல்யாணம். பொண்ணை வாசல் தாண்டி அனுப்பறப்போ ஊதப்போறது நானா, இல்லை அந்தப் பக்கத்து ஊரு மிலுதினா? பட்டையோட ஊதி, ஏதாவது தப்பாத் தெரிஞ்சு டாக்டரம்மா கூடாதுன்னுட்டா? பயமா இருக்கு கண்ணு. விழுந்தப்போகூட இவ்வளவு பயம் இல்லை.

– மிலுதின் ஊதட்டுமே மனுஷா. யாரு ஊதினா என்ன, சத்தம் சத்தம்தான்.

– பார்த்தியா கண்ணு, வீட்டுல எனக்கு இருக்கிற மரியாதையை?

– மாமா, நீங்க ஊதறப்போ நெஞ்சு என்ன பண்ணுதுன்னு பார்க்கத்தான் இந்தப் பட்டையே. டாக்டரம்மா இங்கேயே இருக்காங்க, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கறாங்க. நாற்காலியில உக்காந்து ஒரு பாட்டு ஊதுங்க. தலை சுத்தினா உடனே நிறுத்திடணும், சரிங்களா?

– ட்ரம்பெட்டை எடுத்துக் கொடு ஸ்தமென்கா.

– இந்தா. இரு, ஜன்னல் நல்லாச் சாத்தியிருக்கான்னு பார்த்துக்கறேன். ம், ஊது.

– நல்லா இருக்கு மாமா, நிறுத்தாதீங்க. நாடி ஏறுது, ஏறத்தான் செய்யும். அந்த நீளமான இழுப்பு வேணும், டாக்டரம்மா கேக்கறாங்க... அதான், அதான். அத்தை, போனால காதைப் பொத்தாதீங்க, மாமா முகத்தைக் காட்டுங்க.

– முகம் தக்காளி மாதிரி இருக்கு. ஆனா சிரிக்கறான்.

– போதும் மாமா, வையுங்க. தலை சுத்துதா?

– இல்லை. என்ன சொல்றாங்க? வாயைத் திறந்து சொல்லு கண்ணு.

– ஒண்ணு ரெண்டு துடிப்பு வழி தவறுது, அதுக்கு மாத்திரை தர்றாங்களாம். பட்டை ஞாயித்துக்கிழமையும் நெஞ்சுலயே இருக்கணும். ஒரு பாட்டு, அப்புறம் உக்காந்து ஓய்வு, அப்புறம்தான் அடுத்த பாட்டு. ரக்கியா உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம். இதுக்கெல்லாம் சரின்னா, பொண்ணை நீங்களே ஊதி அனுப்புங்கன்னு சொல்றாங்க.

– சரிதான். எல்லாத்துக்கும் சரி. டாக்டரம்மா கையில முத்தம் கொடுத்தேன்னு சொல்லு. மிலுதின் வந்து கைதட்டிட்டுப் போகட்டும்.

– அழாதே மனுஷா, பட்டை நனையும்.

– அத்தை, போனை வச்சிடாதீங்க. சனிக்கிழமைப் பதிவு இனி உங்க பேருலதான் போகும். அதையும் டாக்டரம்மா பார்த்துட்டாங்க. நல்ல நெஞ்சு, பயம் இல்லை. ஆனா ஒரு இடத்துல திடீர்னு எகிறி ஓடியிருக்கு. என்ன பண்ணிட்டிருந்தீங்க?

– என்ன பண்ணினேன்... கோழியை விரட்டியிருப்பேன்.

– இருட்டினப்புறமா? எந்தக் கோழி?

– நீ சும்மா இரு மனுஷா.

– ஓடினா அதுவும் பதிவுல தெரியும் அத்தை. நீங்க உக்காந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. டாக்டரம்மா எழுதணும், அதான் கேக்கறேன்.

– சரி, எழுதிக்கச் சொல்லு. ஆத்துக்கு அந்தக் கரையில, நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ ஊதின பாட்டை எடுத்தே மனுஷா. நான் ஜன்னலைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருந்தேன்.