தகரம் விரியும் சத்தம்

ஒல்லி இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். அவன் காதுக்குப் போனால் என் தோலை உரித்துவிடுவான். இது அவனுடைய சொந்த மாமா கதை. மாமாவே ஒருநாள் போதையில் அவனிடம் உளறியது... கடைசிப் பகுதியைத் தவிர.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

பேய் என்றால் நடுராத்திரி என்று நினைக்காதீர்கள். இது உச்சி வெயில் வேளை. ஊருக்கு வெளியே ஒரு வளைவு ரோடு... ஒரு நாய்கூட இல்லை. ரோட்டோரம் இரண்டு இரும்புத் தூண்களின் மேல் பெரிய எல்.இ.டி. விளம்பரத் திரை. முன்பக்கம் ஒரு பெண் குளிர்பானம் குடித்துச் சிரித்துக்கொண்டே இருப்பாள். பின்பக்கம் முழுக்கத் தகரம். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நகருகிற அளவுக்குச் சந்து. திரை எரிகிற சூடெல்லாம் அந்தச் சந்துக்குள்தான். மேலே வரிசையாக இருக்கிற ஃபேன்கள் அதை வெளியே தள்ளினால்தான் திரை பிழைக்கும். உள்ளே இருக்கிற ஆளும் பிழைப்பான்.

அந்த ஃபேன்களைப் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. கூட வேலை பார்த்தவர் மாமாவின் தங்கை புருஷன், ஒல்லிக்குச் சித்தப்பா. ஒருவர் உள்ளே போய்த் தூசி ஃபில்டர்களைத் துடைப்பார். மற்றவர் கீழே சுவிட்ச் பெட்டி பக்கத்தில் நிற்பார். அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது, அதனால் தகரத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் ஃபேனை நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஓட்டு.

சம்பவம் நடந்ததற்கு முந்தைய வாரம் மாமா ஃபேன்களைத் திருப்பி மாட்டிவிட்டார். சூடு வெளியே போகாமல் திரை பாதி கருகிப்போனது. சித்தப்பாதான் கண்டுபிடித்தார். ஃபேன் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். பறக்கவேண்டிய காகிதம் கம்பிவலையில் போய் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? முதலாளி முன்னால், எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, அதைச் செய்தும் காட்டினார். மாமாவும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் கறுவிக்கொண்டார்.

அன்றைக்குச் சித்தப்பா உள்ளே போனார். ஒரு தட்டு. மாமா ஃபேன்களை நிறுத்தினார். பிறகு ஏணியில் ஏறினார்... பின்கதவைச் சாத்தினார்... தாழ்ப்பாள் போட்டார். கொஞ்சம் வேகட்டும் என்றுதான். இறங்கி, நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

டங் டங்... டங் டங்...

மாமா மென்றுகொண்டே கேட்டார். சித்தப்பாவின் போன் கீழே பையில் இருந்தது. அது அடித்தது. ஒல்லியின் சித்தி.

“அவரு சாப்பிட்டாரா அண்ணே?”

“உள்ள வேலையா இருக்காரும்மா. வந்து சாப்பிடுவாரு.”

“அது என்ன சத்தம்?”

“தகரம்மா. வெயில்ல விரியுது.”

சரி என்று அவள் வைத்துவிட்டாள். மாமா கை கழுவினார். ஒரு சிகரெட் பிடித்தார். கொஞ்சம் கண்ணயர்ந்தார்... விழித்தபோது சத்தம் நின்றிருந்தது. போய்க் கதவைத் திறந்தார். முடி பொசுங்கிய வாடை. சித்தப்பா அந்தச் சந்தில் விழக்கூட இடமில்லாமல் நின்றபடியே செத்துப்போயிருந்தார். விரல் முட்டிகளில் தோலே இல்லை. முன்பக்கத்தில் அந்தப் பெண் இன்னும் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தாள்.

காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது என்றார் மாமா. எல்லோரும் நம்பினார்கள். தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். அண்ணன் என்றால் இவரல்லவா அண்ணன் என்று ஊரே மெச்சியது.

அதன் பிறகுதான் ஆரம்பித்தது. எந்த ஃபேன் முன்னால் உட்கார்ந்தாலும் மாமாவுக்குக் காற்று வராது. பக்கத்தில் இருப்பவனுக்கு முடி பறக்கும். மாமாவுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டும். புதிதாக ஒரு டேபிள் ஃபேன் வாங்கினார். முன்னால் காகிதத்தைப் பிடித்தார். வலையில் போய் ஒட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கினார்... காகிதம் விழவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாமா தன் அறையில் படுத்திருந்தார். சித்தி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் ஒல்லி போனபோது அறை வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. தாழ்ப்பாளில் கை வைக்க முடியாத சூடு. துணி சுற்றித்தான் திறந்தான். டேபிள் ஃபேன் சுற்றவில்லை. பிளக் தரையில் கிடந்தது. மாமாவின் முகம் கம்பிவலையில் ஒட்டியிருந்தது... பிய்த்துத்தான் எடுத்தார்கள். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

“கதவைத் தட்டியிருப்பாரே சித்தி. உங்களுக்குக் கேக்கலையா?” என்று கேட்டான் ஒல்லி.

அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

“கேட்டுச்சுப்பா. தகரம் வெயில்ல விரியுதுன்னு இருந்துட்டேன்.”

அது கான்கிரீட் வீடு. தேடினாலும் ஒரு துண்டுத் தகரம் கிடையாது.