தூளியைத் துளியாக்கியவர்

கூட்டத்தைக் கட்டுக்கோப்பாக நடத்திச் செல்லும் தலைவர், இத்தோட்டத்து ஆபிஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி சாமிநாதன் ஐயா அவர்களே, விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் களைத்தும் மாலையில் தமிழ் கேட்க வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பலகை அறுத்துப் படிப்பகம் எழுப்பிய இளைஞர்களே, இக்கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு தந்து, சீட்டில் உள்ளபடிதான் பேசுகிறோமா என்று பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் காவல்துறை அண்ணன்மார்களே, உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்கு முன்னால் முள்வேலிக் கதவைச் சாத்துவார்கள். "சுருக்கமாப் பேசும்மா, லூபோக் சீனாவுல கடைசி பஸ்ஸ விட்டுட்டா நீ எங்க வீட்டு அடுப்படியிலதான் படுக்கணும்" என்று தலைவர் என் காதில் சொன்னார். அவர் வீட்டுச் சமையல் நன்றாக இருக்கும் என்று கேள்வி. ஆனாலும் சுருக்கியே பேசுகிறேன்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. மலாக்கா டவுனில் கணேசமூர்த்தி முதலாளி நடத்தும் புத்தக அச்சகத்தில் புரூப் பார்ப்பவள். புரூப் என்றால் என்ன? ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, முதலில் ஒரு தாளில் அடித்துப் பார்ப்போம். அந்தத் தாளில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. எழுத்து தலைகீழாகவோ தவறாகவோ நின்றால் அதைச் சுற்றி ஒரு சுழி. விட்டுப்போயிருந்தால் ஓர் அம்பு. இடம் மாறி நின்றால் ஒரு வளைவு. ஓரத்தில் சரியான எழுத்து, அந்த வரியில் எத்தனை பிழை என்று ஓர் எண். எல்லாம் சிவப்புப் பென்சிலில்.

நீங்கள் புத்தகத்தைக் காணும்போது அது குளித்து, உடுத்தி, பொட்டு வைத்து நிற்கும் பிள்ளை. நான் காண்பது பிறந்த கணத்துப் பிள்ளையை. மையும் அழுக்குமாக, கை எது கால் எது என்று தெரியாமல் வந்து மேசையில் விழும். எவ்வளவு பெரிய அறிஞர் எழுதியதாக இருந்தாலும் முதல் தாள் அப்படித்தான். பிழையோடு பிறக்காத புத்தகம் உண்டா? ஆறு ஆண்டுகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால், நமக்கு? இந்த எண்ணம் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த மேசையில் உட்கார்ந்து நான் படித்த முதல் பாடமும் அதுதான்.

இன்று நான் பேச வந்தது வேறொரு பிழையைப் பற்றி. அது தாளில் இல்லை. உங்கள் குழாயடியில் இருக்கிறது.

இந்தத் தோட்டத்துத் தம்புசாமி அண்ணனை மூன்று மாதங்களுக்கு முன் முள்வேலிக் கேட்டில் போலீசார் பிடித்தார்கள். நான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு விட்டார்கள். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏன் பிடித்தார்கள்? கருவாட்டுப் பொட்டலத்தில் இரகசியக் கடிதம் இருந்ததாம். ஏன் விட்டார்கள்? யாரையோ காட்டிக் கொடுத்தாராம். இந்தப் பேச்சு குழாயடியில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. ஏன் தலை குனிகிறீர்கள்? நான் யார் பெயரையும் கேட்கவில்லை. இது அவசர காலம். "காட்டிக் கொடுத்தவன்" என்ற பேச்சு இந்த வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளின் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு சொல். ஓர் உயிர். இடையில் இருப்பது ஒரு முள்வேலி. அதனால்தான் ஸ்டேஷனுக்குள் நடந்ததை, அங்கே நின்று கேட்டவள் என்ற முறையில், தம்புசாமி அண்ணன், அவர் மனைவி இருவரின் சம்மதத்தோடு சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்துப் பழைய புரூப் தாள்கள் கிளேபாங்கில் தங்கையா கடைக்குப் போகும். அங்கே கருவாடு கட்டுவார்கள். தம்புசாமி அண்ணனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கடைக்குப் போனால் ஒன்று கேட்பார்.

"அந்தச் செவப்புக் கோடு போட்ட தாளுல கட்டிக் குடுங்க, மொதலாளி."

"ஒனக்குக் கருவாடு வேணுமா, கடுதாசி வேணுமா?"

"கருவாடு எனக்கு, கடுதாசி வீட்டுக்குங்க."

அந்தத் தாளைத்தான் கேட்டில் பிரித்தார்கள். பார்த்தவர் கண்ணில் என்ன பட்டது? ஒரு சுழி, ஓர் அம்பு, ஓரத்தில் ஓர் எண். சுழி என்றால் முகாமா? அம்பு என்றால் காட்டு வழியா? மூன்று என்றால் மூன்று ஆளா, மூன்று துப்பாக்கியா? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தேடுவது அது, அதனால் கண்ணுக்கும் அதுவே தெரிந்தது. வீட்டைச் சோதித்தார்கள். பாய்க்கு அடியில் நாற்பது தாளுக்கு மேல், மடிப்பு நீவி, அடுக்கி வைத்திருந்தது.

"யாருக்குடா இதெல்லாம்?" என்று கேட்டார்கள். "கருவாடு சுத்துன தாளுங்க" என்றார். யார் சேர்த்தது? "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." நான்கு நாளும் இதே பதில். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவோம் என்றார்கள். அதற்கும் இதே பதில். ஏன் தெரியுமா? சேர்த்தவர் அவர் மனைவி பெத்தம்மாள். பெயரைச் சொன்னால் அவரையும் அழைத்துப் போவார்களே.

குழந்தை அழட்டும் தாயே, வெளியே போக வேண்டாம். நான் குரலை உயர்த்திக்கொள்கிறேன்.

நான்காம் நாள் காலை பெத்தம்மாள் அக்கா, கடைக்காரரிடம் முகவரி கேட்டு, எங்கள் ஆபிஸ் வாசலில் வந்து நின்றார்.

"செவப்புக் கோடு போடுற ஐயா யாருங்க?"

"ஐயா இல்ல, இந்தப் புள்ளதான்" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ஒன் கோட்டாலதான் எம் புருசன் உள்ள இருக்காரு. வந்து சொல்லு."

என் முதலாளி, "போனா நாளைக்கு நம்ம ஆபிஸையும் கவுத்துப் போட்டுத் தேடுவாங்க" என்றார். பிறகு அவரே, "தேடட்டும். எலிப் புழுக்கைதான் கெடைக்கும். மேசையில இருக்கிற புரூப்பையும் எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார்.

ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த சார்ஜண்ட் ஒருவர் இருந்தார். நான் சுழியையும் அம்பையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கோடு போட்டவளே கோட்டுக்கு அர்த்தம் சொன்னா நான் எப்படிம்மா நம்புறது? நீங்க ரெண்டு பேரும் கூட்டுன்னு வச்சுக்குவமே?" என்றார். நியாயமான கேள்வி. 

அக்காவிடம் திரும்பினார். "ஒனக்கு எதுக்கு இத்தனை தாளு?"

"படிக்கங்க."

"படிக்கணும்னா புஸ்தகம் வாங்கு. கருவாட்டு நாத்தத்துல என்ன படிப்பு?"

அப்போது அக்கா சொன்ன பதிலை இந்தப் படிப்பகத்தின் சுவரில் எழுதி வைக்கலாம். "புஸ்தகத்துல எல்லாம் சரியா இருக்குங்க. நான் தப்பாப் படிச்சா சொல்ல ஆளு இல்ல. இந்தத் தாளுல தப்பும் இருக்கு, பக்கத்துலயே சரியும் இருக்கு. தப்புப் பண்றது நான் மட்டும் இல்லன்னும் தெரியுது."

சார்ஜண்ட் யோசித்தார். என் பையிலிருந்த புது புரூப்பில் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். தாய்சேய் நலம் பற்றிய ஒரு சிறு நூலின் பக்கம் அது. அக்கா அதைப் பார்த்ததே இல்லை. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். "இப்பப் படி. கோடு என்ன சொல்லுதுன்னும் சொல்லு."

அன்பர்களே, சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் ஒரு குரல், கல்லுப் பாதையில் வெறுங்காலோடு நடப்பதுபோல், எழுத்து எழுத்தாக நடந்து வந்தது.

"கு...ழந்...தைக்கு... இங்க 'வறுயி'ன்னு நிக்குதுங்க. வளைச்சுப் போட்டிருக்கு. அப்ப எழுத்து எடம் மாறியிருக்கு. 'வயிறு'. குழந்தைக்கு வயிறு... உப்... இங்க அம்பு. ஒரு எழுத்து விட்டிருக்கு. 'உப்பினால்'."

அப்படியே வந்தது. சுழிக்குச் சுழி, அம்புக்கு அம்பு. "தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் ஒரு..." குரல் நின்றது.

ஏன் நின்றது?  அந்த வரியில் நான் கோடே போடவில்லையே.

"என்னம்மா, வரலியா?"

"வருதுங்க. ஆனா தப்பு."

"கோடு இல்லியே?"

"கோடு இல்ல. ஆனாலும் தப்புங்க. 'ஒரு தூளி தடவவும்'னு இருக்கு. புள்ளயப் போடுற தூளி நெறைய எண்ணெயத் தடவுனா புள்ள மெதக்குமே."

சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அன்று நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

சார்ஜண்ட் என் முதுகைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா ஜெயமணி, தொப்புளுக்கு எவ்வளவு எண்ணெய்?"

"ஒரு துளி" என்றேன், திரும்பாமலே.

"இதுல என்னா இருக்கு?"

"துளிதான் இருக்கும்."

"வந்து பாரு."

பார்த்தேன். மேல் வரியில் 'தூளியில் இட்டு' என்று கோத்த கை, கீழ் வரியிலும் அதே நெடிலை எடுத்து வைத்துவிட்டது. தூளியும் தமிழ்ச் சொல், துளியும் தமிழ்ச் சொல். மூன்று முறை அந்தப் பக்கத்தை வாசித்தவள் நான். எழுத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. பெத்தம்மாள் அக்கா பிள்ளையைப் பார்த்தார், எழுத்து பிடிபட்டது. படிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சார்ஜண்ட் தாளை மேசையில் வைத்தார். "சேதி கடத்துறவ சேதியத் தேடுவா. இந்தம்மா தப்பத் தேடுது. அதுவும் கோடு போட்டவளுக்கே தெரியாத தப்ப." தன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "போடு, நீயே போடு." அக்கா அந்த எழுத்தைச் சுற்றிச் சுழி போட்டார்.  சுழி கோணலாக வந்தது. சுழித்ததோடு நிற்கவில்லை. ஓரத்தில் 'து' என்று எழுதினார்.

அன்று பிற்பகலே தம்புசாமி அண்ணன் வெளியே வந்தார். அவர் யாரைக் காட்டிக் கொடுத்தார்? எவர் பெயரைச் சொன்னார்? கட்டிய மனைவியின் பெயரைக்கூடச் சொல்லாதவர் வேறு எவர் பெயரைச் சொல்லியிருப்பார்? நான் அங்கே இருந்தேன். நான் சாட்சி. அவரை விடுவித்தது எவருடைய கழுத்துக்கும் வந்த கயிறு அல்ல. ஒரு குறில் எழுத்து.

தோழர்களே என்று அழைக்க இது காலம் அல்ல. உறவுகளே என்று அழைக்கிறேன். மனிதனைச் சுற்றிச் சுழி போடுவது எளிது. குழாயடியில் குடம் நிரம்புவதற்குள் போட்டுவிடலாம். எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. சுழித்தவர் சும்மா போக முடியாது. ஓரத்தில் சரியான எழுத்தை எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சுழிக்கக் கூடாது. தம்புசாமி அண்ணனைச் சுற்றி நீங்கள் மூன்று மாதமாகப் போட்டு வைத்திருக்கும் சுழிக்குப் பக்கத்தில் சரியானதை யார் எழுதப் போகிறீர்கள்? என்னால் முடியாது. நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். நீங்கள்தான் நாளைக்கும் அதே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே ஒரு வேலை பாக்கி.

உங்கள் கையில் இருக்கும் நோட்டீசைப் பாருங்கள். 'படிப்பகத்தைத் திறந்து வைப்பவர்: செல்வி ஜெயமணி' என்று இருக்கிறது. அடித்தது எங்கள் அச்சகம். புரூப் பார்த்தவள் நான். பார்த்த அன்றே பிழை என்று தெரிந்தது. தெரிந்தே விட்டேன், உங்கள் முன்னால் நின்று திருத்த வேண்டும் என்பதற்காக. இதோ, என் பெயரைச் சுழிக்கிறேன். ஓரத்தில் எழுதுகிறேன்: பெத்தம்மாள்.

என்ன அக்கா, "வேணாம் தங்கச்சி" என்று கை ஆட்டுகிறீர்கள்? கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், பாருங்கள். தம்புசாமி அண்ணே, அக்காவை எழுப்பி விடுங்கள். தலைவரே, தங்கள் அனுமதி? "பேசுறத நிறுத்திட்டுத் தொறக்கச் சொல்லும்மா" என்கிறீர்கள். அதைவிட நல்ல அனுமதி எனக்கு வேண்டாம்.

அழைத்த தோட்டத்துக்கும், அழுத குழந்தைக்கும், பின்வரிசையில் நின்று கடைசிவரை கேட்ட அண்ணன்மார்களுக்கும் நன்றி. குழாயடியிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, நீங்கள்தான் கதவுக்கு அருகில் அமர்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் நகர்ந்து அக்காவுக்கு வழி விடுங்கள். வணக்கம்.